பல ஆண்டு தூங்கிய கம்ப்யூட்டர்! எழுப்புவது எப்படி?

அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. பல ஆண்டுகளாக யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் அதற்குள்ளே குழந்தைகளின் படங்கள் இருக்கின்றன. கடைக் கணக்கும் இருக்கிறது.

இன்று "புதுப்பி" என்று கட்டளை இட்டால், "கிடைக்கவில்லை" என்று கையை விரிக்கிறது!

என்ன காரணம்?

அதில் இருப்பது லினக்ஸ். 1991-ம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதினார். அந்தக் கருவைச் சுற்றிப் பலர் பல தொகுப்புகளை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்று "டெபியன்". அமெரிக்க இளைஞர் இயான் மர்டாக் 1993-ல் தொடங்கியது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து, "டெபியன்" ஆக்கிவிட்டார்!

பொம்மைப் பெயர்கள்

இப்போது சுமார் 2 ஆண்டுக்கு ஒரு புதிய டெபியன் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் "டாய் ஸ்டோரி" சினிமாவில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர். 2017-ல் வந்த 9-வது பதிப்பு "ஸ்ட்ரெச்". அது ஆக்டோபஸ் பொம்மை. 2019-ல் "பஸ்டர்" என்ற நாய். 2021-ல் "புல்ஸ்ஐ" என்ற குதிரை. 2023-ல் "புக்வார்ம்" என்ற புத்தகப் புழு. 2025-ல் "டிரிக்சி" என்ற மூன்று கொம்பு டைனோசர். இது 13-வது.

அலமாரிக் கம்ப்யூட்டரில் 9-வது பதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு இலவசமாக வந்த திருத்தங்கள் 2022 ஜூனில் நின்றுவிட்டன. பிறகு அதன் சரக்குகளை, பழைய சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். பாவம், கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. பழைய விலாசத்திலேயே போய்க் கதவைத் தட்டுகிறது!

12 ஆண்டு ஓட்டை

"புதுப்பிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

2022 ஜனவரியில் ஒரு செய்தி வெளிவந்தது. லினக்ஸில் உள்ள "போல்கிட்" என்ற பகுதியில், 2009 முதல் ஓர் ஓட்டை ஒளிந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் சாதாரணமாக நுழைந்த ஒருவன், அதன் வழியாக முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ளலாம். உடனே அதை அடைத்தார்கள். ஆனால் அலமாரியில் தூங்கிய கம்ப்யூட்டரில் அது இன்னும் திறந்தே கிடக்கிறது!

முதலில் நகல்

எதையும் தொடுவதற்கு முன், படங்களையும் கணக்கையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பழைய கிட்டங்கியின் விலாசத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 9-வது பதிப்பின் கடைசித் திருத்தம் வரை வாங்கிப் போட்ட பிறகே 10-க்குப் போகலாம். பிறகு 11, 12, 13. ஒரே தாவலில் 9-லிருந்து 13-க்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பதிப்பும், அதற்கு நேர் முந்தியதிலிருந்து ஏறுவதற்கே சோதித்துப் பார்க்கப்பட்டது.

11-வது படியில் பலர் இடறுவார்கள். பாதுகாப்புத் திருத்தங்களின் விலாசத்தை எழுதும் முறையே அங்கே மாறிவிட்டது. பஸ்டரை அடித்து, புல்ஸ்ஐ என்று எழுதினால் போதாது!

நடுவில் மின்சாரம் போய்விட்டால் பயப்பட வேண்டாம். "விட்ட இடத்திலிருந்து முடி" என்பதற்கும் ஒரு கட்டளை உண்டு.

மிகப் பழைய 32 பிட் கம்ப்யூட்டருக்கு மட்டும் 12-வது படியே கடைசி. 13-ல் அதற்கான கரு கிடையாது. எடுத்து வைத்த நகலை அப்போது வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.