இனிப்பு நீர் உள்ளவர்களே, விழித்திரையைப் படமெடுத்தாயிற்றா?

மலேசியாவில் 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. இதைவிடக் கவலை தருவது இன்னொன்று: நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. பினாங்கில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒரு பந்தி உட்கார்ந்தால், அதில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்கள் என்று நினைக்கவே மனம் கனக்கிறது.

இந்த நோய் சிறுநீரகத்தையும் காலையும் இதயத்தையும் பாதிக்கும். இங்கே கண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கணினி இன்று நன்றாகத் துணை செய்யும் இடம் அது. பேச வேண்டியதைப் பேசாவிட்டால் அந்தத் துணை வீணாகும் இடமும் அதுதான்.

வலி இல்லாமல் வரும் கேடு

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் ஏறியே இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனப்பட்டுக் கசியத் தொடங்கும். சில குழாய்கள் அடைபடும். அவற்றுக்கு ஈடாகப் புதிதாக முளைப்பவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். இவ்வளவு நடந்தும் ஆரம்பத்தில் வலி கிடையாது, கண் சிவப்பதும் கிடையாது, நாளிதழ் வாசிப்பதில்கூடச் சிரமம் இருக்காது. "நல்லாத்தானே தெரியுது, எதுக்குக் கண்ணைக் காட்டணும்?" என்று பெரியவர்கள் கேட்பது இதனால்தான்.

பார்வை மங்கிய பிறகு லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் உதவும். ஆகவே, இரண்டாம் வகை இனிப்பு நீர் என்று தெரிந்ததும் ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். மருத்துவர் வேறு கால அளவு சொன்னாலொழிய, பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

மதுரைப் படங்களில் கற்ற கணினி

விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயின் அறிகுறியைச் சொல்லக் கணினியைப் பழக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். 128,175 படங்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். அவற்றில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. நம் இன மக்களின் கண்களையும் பார்த்துப் பழகிய கருவி என்பதில் எனக்கு நிறைவு உண்டு. 2018இல் அமெரிக்கா இன்னொரு நிறுவனத்தின் கருவிக்கு அனுமதி தந்தது. கண் மருத்துவர் அருகில் இல்லாமலேயே 'மேல் சிகிச்சைக்கு அனுப்புக' என்று அது சொல்லும்.

ஆய்வுக்கூடத்தில் நன்றாக நடப்பது கிளினிக்கில் அப்படியே நடந்துவிடாது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் கூகுளின் கருவியைக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் சுமார் 21 விழுக்காட்டைத் தெளிவு போதாது என்று கணினி தள்ளிவிட்டது. வெளிச்சம் புகும் அறையும் ஒரு காரணம். சில தாதியரோ, வீணாகத் தொலைதூர மருத்துவமனைக்கு அலைய நேரிடுமே என்று நோயாளிகளை இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்றே சொன்னார்கள். குறை கருவியில் மட்டும் இல்லை. என்ன, ஏன், அடுத்து எங்கே என்பதை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்

மலாய் தட்டுத்தடுமாறும் பாட்டியிடம் "கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு கடிதத்தை மட்டும் நீட்டினால், அது கைப்பையிலேயே கிடக்கும். அதே பாட்டிக்குத் திரையில் அவர் விழித்திரையைக் காட்டி, "இந்தச் சிவப்புப் புள்ளி உங்கள் கண்ணில் கசிந்த இரத்தம்" என்று சொன்னால் விஷயம் வேறு. படம் இருக்கிறது, திரையும் இருக்கிறது. நோயாளி அதைக் கேட்டுப் பார்க்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவர் சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வதும் நல்லது. தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நோயாளி தம்மைப் பற்றிச் சொல்வதற்கும் கணினி உதவும். 1966இலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வார்னர் ஸ்லாக் என்ற மருத்துவர், நோயாளியிடம் கணினியே கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் முறையை உருவாக்கினார். குடிப்பழக்கம் போன்ற கூச்சமான விஷயங்களை மனிதரைவிடக் கணினியிடம் மறைக்காமல் சொல்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று கண்டது. நம்மிடம் இருப்பது கைப்பேசி. கிளினிக்குக்குப் போகுமுன் மங்கல், மிதக்கும் கரும்புள்ளி, விட்டுப்போன மாத்திரை எல்லாவற்றையும் தமிழில் பேசியே அதில் பதிந்துகொள்ளலாம். மருந்தின் அளவை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி மாற்றாதீர்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதும் எனக்கு உடன்பாடில்லை, பாட்டி வெட்கப்படும் விஷயம் அவன் காதில் விழாமலே போகும்.

பினாங்கில் எங்கே போவது

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். விழித்திரைக் கேமரா உள்ள கிளினிக்கில் அங்கேயே படமெடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறிடத்துக்கு அனுப்புவார்கள். பினாங்கு பொது மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. நோய் உண்டா என்றே தெரியாத, 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானத்தினருக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு.

பார்வை ஏற்கெனவே குறைந்துவிட்டதென்றாலும் ஒதுங்கிவிட வேண்டாம். 1926இல் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம், ஜார்ஜ்டவுன் பாகான் ஜெர்மாலில் பார்வை இழந்தோருக்குப் பயிற்சி தருகிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் பேசும்.

உங்கள் அப்பாவோ அத்தையோ கடைசியாக எப்போது விழித்திரைப் படம் எடுத்தார்கள் என்று இன்றே கேளுங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் முன்பதிவு செய்து, நீங்களும் கூடப் போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அன்று அவர்களை வண்டி ஓட்ட விடாதீர்கள்.