இரண்டே வாரத்தில் முகப் புள்ளி மறைந்ததா? டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

"வெயில்ல பைக் ஓட்டி கன்னமெல்லாம் புள்ளி புள்ளியா வந்துடுச்சு, ஏதாவது நல்ல க்ரீம் இருந்தா குடுங்க." இந்தியாவின் எந்த நகரத்து மருந்துக்கடையிலும், அந்தந்த ஊர் மொழியில், இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்டதும் ஒரு சின்ன டியூப் கைக்கு வரும். இரண்டு வாரத்தில் புள்ளி மங்கி, முகமே பளிச்சென்று ஆகிவிடும். அதைப் பார்த்து ஆபீஸில் நான்கு பேர் பெயர் கேட்டு வாங்குவார்கள்.

தோல் மருத்துவர்கள் கவலைப்படுவது இந்த வேகத்தைப் பார்த்துத்தான். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், அது என்ன புள்ளி?

முகத்தில் வரும் எல்லாக் கருமையும் வெயில் புள்ளி இல்லை. ஃப்ரெக்கிள்ஸ் என்பது பெரும்பாலும் மரபணு சார்ந்தது. வெளிர் நிறத் தோலில் அதிகம் தெரியும். வெயில் காலத்தில் கருக்கும், குளிர்காலத்தில் மங்கும். லென்டிகோ என்பதுதான் உண்மையான வெயில் புள்ளி. வருடக்கணக்கில் வெயில் பட்ட இடத்தில், பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வரும். குளிர்காலத்திலும் போகாது.

இந்தியத் தோலில் இவற்றைவிட அதிகம் பார்ப்பது மங்கு. மருத்துவர்கள் இதை மெலாஸ்மா என்பார்கள். இரண்டு கன்னம், நெற்றி, மேலுதட்டுக்கு மேல் என்று திட்டுத் திட்டாகப் படரும். பெண்களுக்கு அதிகம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி, வெயில் எல்லாம் இதில் சேரும். பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமை இன்னொரு வகை. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் கொஞ்சம் மேடாக இருக்கும் குட்டிக் கரும் மருக்கள் வேறு. அவற்றை எந்த க்ரீமும் கரைக்காது.

கழுத்தைச் சுற்றி வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால் அது வெயிலும் இல்லை, அழுக்கும் இல்லை. பலருக்கு அது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அங்கே தேவைப்படுவது க்ரீம் அல்ல, சுகர் டெஸ்ட்.

ஆக, பெயர் தெரியாத புள்ளிக்கு மருந்து போடுவது இருட்டில் கல் எறிவதுதான்.

இரண்டு வாரத்தில் எப்படி வெளுக்கிறது?

1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் இருவரும் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து ஒரு க்ரீமை விவரித்தார்கள். நிறமி உருவாவதைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்பட ட்ரெட்டினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கலவை மங்குக்கு நன்றாகவே வேலை செய்யும். இன்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். 2002-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்த வடிவத்தில் இருப்பது 4% ஹைட்ரோகுவினோன், 0.05% ட்ரெட்டினாயின், 0.01% ஃப்ளுவோசினோலோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. அதற்கும் 8 வாரம்தான் வரம்பு. நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கலவையில் 2% ஹைட்ரோகுவினோன், 0.025% ட்ரெட்டினாயின், 0.1% மொமெட்டசோன். அதாவது மற்ற இரண்டும் பாதியாகக் குறைந்திருக்க, ஸ்டீராய்டு மட்டும் வீரியம் கூடிய வகையாக மாறியிருக்கிறது.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும், நிறமியையும் குறைக்கும். அதனால்தான் புள்ளியோடு சேர்ந்து முகம் முழுக்க வெளுக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்த நரம்புகள் வெளியே தெரியும், பரு வெடிக்கும், பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரலாம். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் திரும்பப் போடுவோம். இந்தச் சுழலுக்கு இந்திய மருத்துவர்கள் வைத்த பெயர் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்'.

ஹைட்ரோகுவினோனுக்கும் எல்லை உண்டு. அளவில்லாமல் வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு அதே இடத்தில் நீலக் கருப்பாக ஒரு கறை படியலாம். அதை நீக்குவது மங்கை நீக்குவதைவிடக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே தோலை வெளுக்கும் அழகுப் பொருட்களில் இதற்குத் தடை போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தோல் மருத்துவர்கள் நீண்ட காலம் வற்புறுத்திய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு இருந்த விலக்கை நீக்கியது. அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மொமெட்டசோன் கலந்த முக்கூட்டு க்ரீமும் சீட்டுக்கு மட்டுமே உரியது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், கடை கவுன்ட்டர் இன்னொரு பக்கம். கேட்டால் கிடைக்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பான காஸ்மெட்டிக் ஆகிவிடாது.

லேபிளே இல்லாத டப்பா

ஸ்டீராய்டு டியூபிலாவது உள்ளே இருப்பது எழுதியிருக்கும். ஆன்லைனிலும் சில பியூட்டி பார்லர்களிலும் கைமாறும் பெயரில்லாத டப்பாக்களில் அதுவும் இருக்காது. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் வேகமாக வெளுக்கும். தோல் வழியாக உடலுக்குள்ளும் போகும்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு, பாதரசத்தோடு தொடர்புபடுத்தப்படும் நெல்-1 என்ற புரதம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பயன்படுத்தியவர்கள்.

இந்தியாவின் 2020 காஸ்மெட்டிக் விதிகளின்படி, கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், தெரியாமல் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை எவ்வளவு ரிவ்யூ இருந்தாலும் தொடாதீர்கள்.

லேசரும் ஊசியும்?

வெயில் புள்ளிக்கும் ஃப்ரெக்கிள்ஸுக்கும் லேசர் பலன் தரும். ஆனால் தோல் மாநிறமாக, கருப்பாக இருக்க இருக்க, லேசர் சூட்டிலேயே புதிய கருமை உருவாகும் வாய்ப்பு கூடும். மங்குக்கு லேசர் முதல் சிகிச்சை இல்லை. மறைந்து, மறுபடி அதிகமாகத் திரும்பலாம். ஆஃபர் பார்த்து ஆறு சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

க்ளூட்டாதயோன் ஊசி? தோலை வெளுக்க எந்த ஊசிக்கும் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தந்ததில்லை. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்து ஆணையம் இதற்கு எதிராக வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது.

எலுமிச்சைச் சாறும் பாதுகாப்பில்லை. தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும், அதன் பின் இன்னும் அடர்ந்த கருமையும் வரலாம்.

அப்போ எதுதான் வேலை செய்யும்?

முதல் மருந்து சன்ஸ்கிரீன். அதுவும் போதிய அளவில். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முறைக்குச் சுமார் ஒரு கிராம் வேண்டும். காலை ஒன்று, மதியம் ஒன்று என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். உங்களுடையது மூன்று மாதம் வருகிறதா? அப்படியென்றால் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நீங்கள் போடவில்லை. மங்கு உள்ளவர்கள், அயர்ன் ஆக்சைடு கலந்த டின்ட் உள்ள வகையை வாங்குவது நல்லது. மங்கைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது.

அடுத்து அசெலாயிக் ஆசிட், நியாசினமைட், வைட்டமின் சி போன்றவை. இவை மெதுவானவை. இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். தோலின் மேல்அடுக்கு புதுப்பிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் முகமே மாறுகிறது என்றால் அது இந்தக் கணக்குக்குள் வராது. சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறேனே?

பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டவர்களுக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். டியூபை எடுத்துக்கொண்டே தோல் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் அப்போது வேண்டாம். பெயரில்லாத க்ரீம் போட்டு முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்தாலும், சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு புள்ளி மட்டும் அளவிலோ வடிவத்திலோ நிறத்திலோ மாறினால், ரத்தம் கசிந்தால், வெளுக்கும் பேச்சே வேண்டாம். உடனே காட்டுங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் புள்ளிக்குப் பெயர் என்ன? இந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சுற்றியுள்ள உங்கள் சொந்த நிறத்துக்குப் புள்ளி திரும்பினால் சிகிச்சை முடிந்தது. அதற்கு மேல் வெளுக்கச் சொல்வது மருத்துவம் இல்லை.