கியரை அவசரப்பட்டு மாற்றினால் எது தேயும்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வாகனம் ஆடம்பரப் பொருளன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்தபோதும், முதியவர்களையும் நெல்மூடைகளையும் கூரைத் தகரங்களையும் சுமந்து சென்றவை பெரும்பாலும் உழவு இயந்திரப் பெட்டிகளே. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பழைய வான் ஒன்றை வாங்கி, மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் எமது கிராமங்களில் உண்டு. அப்படிப் பலர் கையில் ஓடும் வாகனத்தின் கிளச் எரிந்தால், ஒரு போகத்தின் வருமானம் கராஜுக்குப் போய்விடும். ஆகவே கியர் மாற்றும் முறைக்கும் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பை இங்கு பார்ப்போம்.

கிளச் செய்யும் வேலை

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புச் சில்லுக்கும், வில்லுகளால் அழுத்தப்படும் தட்டுக்கும் இடையில் கிளச் பிளேட் இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் உராயும் படை ஒட்டப்பட்டிருக்கும். மிதியை அழுத்தும்போது பிளேட் விடுபடுகிறது. எஞ்சின் தனியாகச் சுழலும். மிதியை விடும்போது பிளேட் மீண்டும் இறுகி, எஞ்சினின் வலுவைக் கியர்ப்பெட்டிக்குக் கொடுக்கிறது.

பிளேட் முழுதாக இறுகியிருக்கும்போதும் முழுதாக விடுபட்டிருக்கும்போதும் அது தேய்வதில்லை. இடைநடுவில் வழுக்கும்போதே தேய்கிறது. ஆகவே அரைக் கிளச்சில் நிற்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ, பிளேட்டின் ஆயுள் அவ்வளவு கூடும்.

கியர்ப்பெட்டிக்குள் நடப்பது

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டாவது கியரில் எஞ்சின் 2 முறை சுற்றும்போது வெளியே போகும் தண்டு 1 முறை சுற்றுகிறது என்றும், மூன்றாவது கியரில் அதற்கு 1.4 சுற்றுப் போதும் என்றும் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால், கிளச் பிளேட்டும் அதோடு இணைந்த தண்டும் 2100 சுற்றுக்கு இறங்க வேண்டும்.

இந்த வேகத்தைச் சமப்படுத்துவது சிங்கிறோமெஷ் எனப்படும் அமைப்பு. அதில் பெரும்பாலும் பித்தளையாலான ஒரு சிறு வளையம் உண்டு. அது கியரின் கூம்புப் பகுதியில் உராய்ந்து, வேகம் சமமாகும் வரை கியர் விழாமல் தடுத்து நிற்கும். இதற்குக் கண் இமைக்கும் நேரம் தேவை. லீவரை அடித்துத் தள்ளும்போது அந்தச் சிறு வளையமே முழு அடியையும் தாங்குகிறது. அது தேய்ந்த பின்னர் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் ‘கறகற’ என ஒலிக்கும். பற்களின் முனை மழுங்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் கழன்று விழும்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் முதலாம் கியருக்கு இந்த அமைப்பு இல்லை. அவற்றை முதலாம் கியருக்குப் போடுமுன் வாகனம் நிற்க வேண்டும். அல்லது கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் நியூட்ரலில் சிறிது அக்சிலறேற்றர் கொடுக்க வேண்டும்.

பந்தயக்காரரின் முறை எமக்கு ஏன் பொருந்தாது?

பந்தயச் சாரதிகள் அக்சிலறேற்றரிலிருந்து காலை முழுதாக எடுக்காமலே கியர் மாற்றுவதும், கிளச்சைச் சட்டென்று விடுவதும் உண்டு. அவர்களுக்குச் சில விநாடிகளே வெற்றி. அவர்களுடைய வாகனங்களை அடிக்கடி கழற்றிச் சோதிக்க ஆட்களும் பணமும் உண்டு. அதைப் பார்த்து எமது இளைஞர்கள் சந்தியில் கிளச்சை உதறி வாகனத்தைப் பாயவைத்தால், நட்டம் குடும்பத்துக்கே.

முதலாம் கியர் எஞ்சினின் முறுக்கு வலுவை 3.5 மடங்காகவும், டிபரன்சல் அதை மேலும் 4 மடங்காகவும் பெருக்குகிறது என்று கொண்டால், சில்லுகளுக்குப் போவது 14 மடங்கு. கிளச்சை உதறும்போது இந்த வலு ஓர் அடியாக விழுகிறது. பிளேட்டின் வில்லுகள், தண்டுகளின் மூட்டுகள், டிபரன்சல் பற்கள் யாவும் அந்த அடியை வாங்குகின்றன.

ஆனால் அவர்களிடம் கற்கவேண்டிய ஒன்றும் உண்டு. கியரை இறக்கும்போது, கிளச்சை விடுமுன் அவர்கள் எஞ்சின் வேகத்தைச் சிறிது கூட்டிக்கொள்வார்கள். அப்போது இரு பக்க வேகமும் சமமாகி, பிளேட் வழுக்காமல் இறுகும். இது எமது வானுக்கும் நல்லது.

உழவு இயந்திரம்

மசி பெர்குசன் 135 போன்ற இயந்திரங்களில் கியரைப் போட வண்டி நிற்க வேண்டும். ஓடும்போது திணிக்கக் கூடாது. இவற்றில் பலவற்றுக்கு இரட்டைக் கிளச் உண்டு: பாதி மிதித்தால் சில்லுகளுக்குப் போகும் வலு நிற்கும், முழுதாக மிதித்தால் பின்பக்கத் தண்டுக்குப் போகும் வலுவும் நிற்கும். சேற்றில் புதைந்த வண்டியை அரைக் கிளச்சில் முன்னும் பின்னும் ஆட்டுவது பிளேட்டை எரிக்கும் நிச்சயமான வழி. பெட்டியைக் கழற்றி, சில்லின் கீழ் மட்டையோ பலகையோ இட்டு எடுப்பதே மலிவு.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலாம் கியரிலேயே புறப்படுங்கள். இரண்டாவதில் புறப்பட்டால் பிளேட் நீண்ட நேரம் வழுக்கும்.

2. ஓடும்போது கிளச் மிதியில் காலையும், லீவரில் கையையும் ஓய்வாக வைக்காதீர்கள். முன்னது பெயரிங்கையும், பின்னது உள்ளே கியரைத் தள்ளும் கவட்டையையும் தேய்க்கும்.

3. ஏற்றத்தில் கைப்பிறேக்கால் நிறுத்துங்கள், கிளச்சால் அன்று.

4. சமதரையில் வேகத்தைக் குறைக்கப் பிறேக்கைப் பாவியுங்கள். பிறேக் படை கிளச்சைவிட மலிவு. நீண்ட இறக்கத்தில் மட்டும் தொடக்கத்திலேயே சிறிய கியருக்கு வாருங்கள்.

5. பாரத்தோடு பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிடாதீர்கள். மெதுவாக ஓட்டினால் எதுவும் தேயாது என்பது பிழையான எண்ணம்.

6. கைநூலில் சொல்லப்பட்ட கியர் ஒயிலையே ஊற்றுங்கள். ஜி.எல்.4 கேட்கும் பெட்டிக்கு டிபரன்சலுக்குரிய ஜி.எல்.5 ஊற்றினால், அதிலுள்ள சில இரசாயனங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

முன்னறிவித்தல்கள்

பெரிய கியரில் அக்சிலறேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் இரைந்தும் வாகனம் வேகமெடுக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது. கருகல் மணமும் இதையே சொல்லும். முதலில் மிதியின் விளையாட்டு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமற் போனால் நல்ல பிளேட்டும் வழுக்கும். சில வாகனங்களில் அதைச் சரிப்படுத்தினாலே போதும். பிளேட் முற்றாகத் தேய்ந்த பின்னும் ஓடினால் அதன் ஆணிகள் இரும்புச் சில்லைக் கீறிவிடும். பிளேட்டின் விலையோடு முடியவேண்டிய செலவு பின்னர் பன்மடங்காகும்.

கூட்டாக வாகனம் வைத்திருப்போர், ஓட்டும் அனைவரையும் ஒருநாள் கூட்டி இவற்றைப் பேசி ஒரே முறையில் ஓட்ட உடன்படுங்கள். ஒயில் மாற்றிய திகதியையும் திருத்த வேலைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். யார் பழுதாக்கினார் என்ற சச்சரவும் அதனால் குறையும்.