சிற்பங்களின் நிழலுரு ஒளிப்படம்

சிற்பங்களின் நிழலுரு ஒளிப்படம் என்பது, திறந்தவெளியில் உள்ள சிற்பத்தை ஒளிமிக்க வானத்தின் முன் வெறும் கரிய உருவமாகப் பதிவுசெய்யும் முறையாகும். சூரியன் மறையும் வேளை இதற்கு ஏற்றது. முகம், நிறம், மேற்பரப்பு ஆகிய எதுவும் இத்தகைய படத்தில் தெரியாது. எஞ்சுவது புற வடிவம் மட்டுமே. எனவே எங்கே நிற்பது, எவ்வளவு உயரத்தில் கேமராவைப் பிடிப்பது என்பவையே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கு வடக்கே உள்ள கிராஸ்பி கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிற்பி ஆன்டனி கார்ம்லி தம் உடலிலிருந்து எடுத்த அச்சுகளைக் கொண்டு வார்த்த 100 வார்ப்பிரும்பு மனித உருவங்கள் அங்கு நிற்கின்றன. 'அனதர் பிளேஸ்' (மற்றோர் இடம்) எனப்படும் இப்படைப்பு, செருமனி, நார்வே, பெல்சியம் ஆகிய நாடுகளின் கடற்கரைகளில் வைக்கப்பட்ட பின் 2005-இல் இங்கு வந்தது. ஒவ்வோர் உருவமும் 189 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 650 கிலோ எடையும் கொண்டது. அனைத்தும் மேற்கே கடலை நோக்கி நிற்பதால், கரையில் இருப்பவர் அவற்றின் முதுகையே காண்கிறார். நிழலுருவிலோ முகம் எது, முதுகு எது என்று பிரித்தறிய முடியாது. அருகில் ஒருவர் அசையாமல் நின்றால் அவரும் சிலைபோலவே தெரிவார்.

ஒளி அளவு

தானியங்கி முறையில் விட்டால் கேமரா கரிய பகுதியை வெளிச்சமாக்க முயலும், வானம் வெளிறிவிடும். இதைத் தவிர்க்க, சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள வானத்தை அளந்து, அந்த அளவை நிலைநிறுத்திய பின் சட்டத்தை அமைக்க வேண்டும். தேவையானால் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் குறைக்கலாம். பிளாஷ் விளக்கை அணைத்துவிட வேண்டும். கைபேசியில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம். கைபேசியின் எச்.டி.ஆர். வசதி இருண்ட பகுதிகளை மீட்டெடுக்கும் என்பதால், அதையும் நிறுத்திவைப்பது நல்லது.

கேமராவின் உயரம்

சமதளத்தில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே பொருளை வெட்டும். நின்றபடி 160 செ.மீ. உயரத்தில் படமெடுத்தால், 189 செ.மீ. சிலையின் தலைப்பகுதி மட்டுமே வானத்தில் தெரியும். உடல் இருண்ட மணலோடு கலந்துவிடும். கேமராவை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், முழங்காலுக்குக் கீழிருந்தே உருவம் வானத்தின் முன் எழும். ஈர மணலில் வானத்தின் ஒளி பிரதிபலித்தால் கால்களும் தெளிவாகும். கைகளுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி நிற்பதும் முக்கியம். அது மறைந்தால் மனித உருவம் தூண்போல் ஆகிவிடும்.

தொலைவும் பாதுகாப்பும்

வானில் சூரியனின் விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை. ஆகவே சுமார் 200 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் 189 செ.மீ. சிலையும் சூரிய வட்டமும் ஒரே உயரமாகத் தோன்றும். சுமார் 25 மீட்டரில் சிலையின் தலை அளவுக்கே சூரியன் இருக்கும். பெரிய சூரியன் வேண்டுமெனில் சிலையிலிருந்து விலகி நின்று, தொலைநோக்கு லென்சைப் பயன்படுத்த வேண்டும்.

கிராஸ்பியில் இது உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையது. உருவங்கள் கடலுக்குள் ஏறத்தாழ 1 கி.மீ. வரை பரவியுள்ளன. அலையேற்றம் விரைவாக வரும். தொலைவில் உள்ளவை நீரில் மூழ்கும். கால் புதையும் சேறும் உண்டு. கரையோர நடைபாதையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் செல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. இருட்டும் நேரத்தில் இந்த இடர் இன்னும் கூடும். அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கரையிலேயே நிற்பவருக்குப் பெரிய சூரியனுடன் கூடிய படமும் கிடைக்கும். அவர் பாதுகாப்பாகவும் இருப்பார்.

கண்ணாடி வழியே நேரடியாகக் காட்டும் காட்சித்துளையில் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. திரையைப் பார்த்தே படமெடுக்க வேண்டும்.

பருவமும் நேரமும்

இப்பகுதியில் சூரியன் கோடையில் வடமேற்கிலும் குளிர்காலத்தில் தென்மேற்கிலும் மறைகிறது. எனவே ஒரே சிலையின் பின்னால் சூரியனைக் காண, பருவத்துக்கேற்ப நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் சிறிது நேரம் வானம் சிவந்திருக்கும். அப்போது கண்கூசும் ஒளி இல்லாததால், சிற்பத்தின் விளிம்பு மேலும் கூர்மையாகப் பதிவாகும்.