போர்டுவாக் எம்பயர்
எச்.பி.ஓ. தொலைக்காட்சித் தொடர், 2010–2014, 56 பகுதிகள்

1920 ஜனவரி 17 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மது காய்ச்சுவது, விற்பது, கொண்டுசெல்வது எல்லாம் குற்றமாக இருந்தது. குடிப்பதை மட்டும் சட்டம் தடுக்கவில்லை. அந்த ஓட்டையில் செழித்த கடற்கரை நகரம் அட்லாண்டிக் சிட்டி. கரைக்கு எட்டாத தூரத்தில் கப்பல்கள் நிற்கும். இரவில் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். பங்கு வாங்கிய அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அந்நகரைக் களமாக வைத்து டெரன்ஸ் வின்டர் உருவாக்கிய இத்தொடரின் முதல் பகுதியை மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கினார். கடலோர மரப்பலகை நடைபாதையை புரூக்ளினில் செட்டாகப் போட்டார்கள். ஸ்டீவ் புஷெமி நடித்த நக்கி தாம்ப்சன், அட்லாண்டிக் சிட்டியை ஆட்டிவைத்த நக்கி ஜான்சன் என்ற அரசியல் தலைவரின் சாயலில் உருவானவர்.

துப்பாக்கிச் சண்டைகளைவிட, மைக்கேல் கே. வில்லியம்ஸ் நடித்த சாக்கி ஒயிட் வரும் காட்சிகளே இத்தொடரின் உச்சம். ஓட்டல்களைத் தம் உழைப்பால் நடத்திய கறுப்பின மக்களை அவை கதைக்குள் கொண்டுவந்தன.

தொடரில் தாம்ப்சன் 1931இல் சுடப்பட்டு இறக்கிறார். உண்மையான ஜான்சனோ வருமான வரி ஏய்ப்புக்காக 1941இல் தண்டிக்கப்பட்டு, 4 ஆண்டு சிறையிலிருந்து மீண்டு, 1968இல் தம் 85ஆவது வயதில் காலமானார்.