காபி மெஷினுக்குள் 240 கிலோ! தெரியுமா?

வீட்டு எஸ்பிரஸோ மெஷினுக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். துடைத்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அந்தச் சொட்டு எதையெல்லாம் மீறி வெளியே வந்திருக்கிறது தெரியுமா?

எஸ்பிரஸோ இறங்கத் தேவையான அழுத்தம் 9 பார்! கார் டயருக்குள் இருப்பதைப் போல நாலு மடங்கு! காபித்தூள் கூடையின் வாய் பல மெஷின்களில் வெறும் 58 மி.மீ. அந்த வட்டத்தின் மேல் 9 பார் அழுத்தினால் மொத்தம் எவ்வளவு? ஏறக்குறைய 240 கிலோ! அத்தனையையும் ஒழுகவிடாமல் பிடித்து நிற்பது ஒரு ரப்பர் கேஸ்கெட்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? பால் நுரைக்க ஆவி தரும் பாய்லருக்குள் 120 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கிறது! அழுத்தம்தான் அதை அடக்கி வைக்கிறது. ஆவியானால் தண்ணீர் எத்தனை மடங்கு விரியும் தெரியுமா? 1,600 மடங்குக்கும் மேல்!

அதனால்தான் இந்த வேடிக்கை: பாய்லர் ஒழுகும், ஆனால் ஈரமே தெரியாது! கசிந்த மாத்திரத்தில் சூட்டில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெள்ளைக் கோடு போல ஓர் உப்புப் படிவு மட்டும். மூடியைக் கழற்றியதும் தண்ணீரைத் தேடாதீர்கள், அந்த வெள்ளைத் தடத்தைத் தேடுங்கள்! அது தொடங்குகிற இடம்தான் ஓட்டை! (கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஆவிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, நன்றாக ஆறவிடுங்கள். இதில் மட்டும் வீரம் வேண்டாம்!)

அந்த உப்பு எது தெரியுமா? கால்சியம் கார்பனேட்! முட்டை ஓடும் அதுதான், முத்தும் பெரும்பாலும் அதுதான்! சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர் எதிர்: சூடு ஏற ஏறப் படியும்! இன்னொரு கூத்து கேளுங்கள். சில நேரம் இந்தப் படிவே சின்ன ஓட்டையை அடைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். சிட்ரிக் அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்தீர்களா? மறுநாளே ஒழுக ஆரம்பிக்கும்!

ஒழுகுவதெல்லாம் ஒழுக்கல்ல என்பது தெரியுமா? 20 டிகிரித் தண்ணீர் 100 டிகிரிக்குப் போனால் 4 சதவீதம் பெருகும். இடம் போதாமல் நாலு சொட்டு வெளியே வரத்தானே செய்யும்? மெஷின் சூடாகும்போது உஸ்ஸென்று காற்று விடும் வால்வும் இரண்டு சொட்டுத் துப்பிவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். மூடவே இல்லையா? அப்போதுதான் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற குட்டி ரப்பர் வளையத்தைச் சந்தேகப்பட வேண்டும்!

ஓ-ரிங்கைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்! டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் இதற்கு அங்கே காப்புரிமை பெற்றார். 1986-இல் குளிரில் விறைத்த ஓ-ரிங் சரியாக அடைக்காததால்தான் சாலஞ்சர் விண்கலம் ஏவிய 73 விநாடியில் சிதறியது! ஏழு உயிர்கள்!

ஒழுக்கை அடைக்க இன்னொன்றும் இருக்கிறது! 1938-இல் இரண்டு சங்கதிகள் நடந்தன. மிலானில் அக்கில் காஜியா, அழுத்தத்தால் காபி இறக்கும் தன் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் வேதியியலாளர் ராய் பிளங்கெட் ஒரு காஸ் சிலிண்டரைத் திறந்தார். காஸே வரவில்லை! எடை மட்டும் குறையவில்லை! அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி! அதுதான் டெஃப்லான்! இன்று பாய்லர் மரையில் ஒழுகாமலிருக்கச் சுற்றுகிறோமே, அந்த டேப்! 327 டிகிரி வரை உருகாது!

விண்வெளியில் ஒழுகினால்? சொட்டு கீழே விழாது, மிதக்கும்! அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு இத்தாலியர்கள் செய்த ஐஎஸ்எஸ்பிரஸோவில் 400 பாருக்கும் மேல் தாங்கும் எஃகுக் குழாய் வைத்தார்கள்! மெஷின் எடை சுமார் 20 கிலோ! 2015 மே 3 அன்று விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி அதில் எஸ்பிரஸோ குடித்தார்!

கடைசியாக ஒன்று. புது ரிங் வழுக்கி உட்காரட்டும் என்று வாசலின் தடவுகிறீர்களா? வேண்டவே வேண்டாம்! பல மெஷின்களில் உள்ள இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் போகும்! உணவுத் தர சிலிகோன் கிரீஸ் ஒரு பொட்டு போதும். பாய்லர் போல்ட்டுகளையும் வரிசையாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கம் பீய்ச்சி அடிக்கும்!