சினைப்பை முறுக்கம்: கண்டறிவது எப்படி?

முறுக்கம் எப்படி நேர்கிறது

சினைப்பையைக் கருப்பையோடும் இடுப்புச் சுவரோடும் இணைப்பு நார்கள் பிணைத்திருக்கின்றன. அதற்கு வரும் இரத்தக் குழாய்களும் அந்த வழியேதான் வருகின்றன. சினைப்பையில் கட்டி வளர்ந்து எடை கூடும்போது, காம்பில் தொங்கும் காய்போல அது சுற்றிக்கொள்ள நேரிடும். பெரும்பாலும் கருக்குழாயும் சேர்ந்தே முறுக்கிக்கொள்ளும். மெல்லிய சுவருடைய சிரைகள்தான் முதலில் நசுங்குகின்றன. தமனி வழியே வரும் இரத்தம் வெளியேற முடியாமல் சினைப்பை வீங்குகிறது. பிறகு தமனியும் அடைபட்டால் திசு இறந்துபோகும்.

5 செ.மீ.க்கு மேற்பட்ட நீர்க்கட்டி அல்லது டெர்மாய்டு கட்டி உள்ளவர்கள், முட்டை வளர்ச்சிக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். சிறுமிகளுக்குக் கட்டியே இல்லாமலும் நேரலாம்.

அறிகுறிகள்

அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென எழும் கடுமையான வலி, கூடவே குமட்டல் அல்லது வாந்தி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மருத்துவர் முறுக்கத்தை நினைத்தாக வேண்டும். முறுக்கு இறுகியும் தளர்ந்தும் வருவதால் வலி விட்டுவிட்டு வரலாம். அந்த இடைவெளியை நம்பி, மாதவிடாய் வலிதான் என்று கஷாயம் கொடுத்துப் பெண்பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருப்பது சினைப்பையையே பறித்துவிடக்கூடும்.

இடப்பக்கத்தில் பெருங்குடலின் கடைசி வளைவு இடத்தை அடைத்திருப்பதால், வலப்பக்கத்தில்தான் முறுக்கம் அதிகம். அதனால் குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணப்படுவது சகஜம். சிறுநீரகக் கல், கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், நீர்க்கட்டி வெடிப்பு ஆகியவையும் இதே வலியைத் தரும். ஆகவே கர்ப்பப் பரிசோதனையும் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளும் முதலிலேயே செய்யப்படுகின்றன. ஆனால் முறுக்கத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

ஸ்கேன் காட்டுவதும் காட்டாததும்

அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான் முதன்மையான கருவி. பிறப்புறுப்பு வழியே செய்வது தெளிவாகக் காட்டும். திருமணமாகாத பெண்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது வயிற்றின் மேலிருந்தே பார்த்துவிடலாம். ஒரு பக்கச் சினைப்பை மட்டும் வீங்கியிருப்பது, அதில் முட்டை வளரும் நுண்பைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருப்பது, இடம் மாறிக் கருப்பைக்கு நேராக வந்திருப்பது, சுற்றிலும் நீர் கோத்திருப்பது ஆகியவை தடயங்கள். இரத்தக் குழாய்கள் நீர்ச்சுழிபோலச் சுருண்டிருப்பது தெரிந்தால் ஐயம் பெருமளவு தீரும்.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனின் முடிவைப் படிப்பதில்தான் கவனம் தேவை. ஓட்டம் அறவே இல்லையென்றால் முறுக்கம் ஏறக்குறைய உறுதி. ஓட்டம் இருக்கிறது என்பதாலேயே முறுக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சினைப்பைக்குச் சினைப்பைத் தமனி, கருப்பைத் தமனி என இரு வழிகளில் இரத்தம் வருகிறது. பாதி முறுக்கில் ஓட்டம் தொடரவும் செய்யும். ஸ்கேன் நார்மல் என்ற தாளோடு, வலியில் துடிக்கும் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல.

கர்ப்பிணிகளிடம் ஐயம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. உதவும்.

கருக்குழாய் மட்டும் முறுக்கினால்

இது மிக அரிது. நீர் கோத்து வீங்கிய குழாய் உள்ளவர்களிடம் காணப்படும். சினைப்பை இயல்பாகத் தெரிவதால் பெரும்பாலும் அறுவையின்போதே வெளிப்படுகிறது.

உறுதிசெய்யும் வழி

லேப்ராஸ்கோப்பி அறுவை மூலம் நேரில் பார்ப்பதே இறுதியான நோயறிதல். முறுக்கை அவிழ்ப்பதும் அதிலேயே முடிந்துவிடும். கறுத்து நீலம்பாய்ந்த சினைப்பையைக் கண்டதும் அகற்றிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. அப்படித் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை முறுக்கு அவிழ்ந்தபின் மீண்டும் முட்டை வளர்க்கின்றன என்பது இன்று தெரிந்திருப்பதால், இளம்பெண்களுக்கு அதைக் காப்பதே முதல் நோக்கம். சில வாரங்கள் கழித்து எடுக்கும் ஸ்கேனில் நுண்பைகள் வளர்கின்றனவா என்று பார்க்கப்படும். ஒருமுறை முறுக்கிய சினைப்பை மறுபடியும் முறுக்கலாம். அதே வலி திரும்பினால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, பழைய அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.